தாலி ஏறாத விவாகரத்து

உங்கள் மனநல ஆலோசகர் பயிற்சி வகுப்பு அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே "ஒருங்கிணைந்த அணுகுமுறையின் முன்னோடி" என்று அச்சடித்திருக்கிறீர்கள். யாரைக் கேட்டு அச்சடித்தீர்கள்? நான் எந்தக் காலத்திலும் எதற்கும் முன்னோடியாக இருந்ததில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மசாலாக் கடைக்கு மேலே, படி ஏறினாலே தும்மல் வருகிற அறையில், நாலைந்து நாற்காலியும் ஒரு காற்றாடியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் அழுகிறார்களா, மிளகாய் நெடியில் கண் கலங்குகிறார்களா என்று முதல் ஐந்து நிமிஷம் எனக்கே தெரியாது. இதில் என்ன முன்னோடி, என்ன அணுகுமுறை!

காலையில் உங்களில் ஒரு தம்பி மேடை ஏறித் தன் முறையை விளக்கினார். மூன்று விதமான சிகிச்சை முறைகளை எடுத்துக் கலந்து செய்கிறாராம். கொஞ்சம் அதிலிருந்து, கொஞ்சம் இதிலிருந்து. தம்பி, அதற்குப் பெயர் ரோஜாக். காயும் பழமும் வெட்டிப் போட்டு மேலே சாஸ் ஊற்றிக் கொடுக்க ரோட்டோரத்தில் ஆள் இருக்கிறார், நீங்கள் எதற்கு? அப்புறம் "கருணை" என்று பெரிய எழுத்தில் ஒரு படம் காட்டினார். பின்னால் தாமரைப் பூ வேறு. கருணையைப் பூவில் பார்த்தவர்கள்தான் அப்படிப் படம் போடுவார்கள். நான் பார்த்த இடங்களில் அது பெரும்பாலும் எரிச்சலோடுதான் வந்தது.

சரி, கூப்பிட்டுவிட்டீர்கள், ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எண்பதுகளில் நடந்தது. பெயர், வேலை எல்லாம் மாற்றியிருக்கிறேன். அவர்கள் யாரென்று தேடிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

நம் ஆட்கள் இந்த நாட்டில் இரண்டு தடவை கல்யாணம் செய்துகொள்கிறார்கள், தெரியும்தானே? முதலில் அரசாங்க ஆபீசில் கையெழுத்து. அதற்குப் பெயர் "ரெஜிஸ்டர்". அப்புறம் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துக் கோயிலில் தாலி. நடுவில் அந்தப் பெண் யார்? சட்டத்துக்கு அவள் மனைவி. வீட்டுக்கு அவள் இன்னும் கன்னிப் பெண். இந்த இடைவெளியை நம்மவர்கள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் வயிறு எரியும். அவனுக்கு உரிமை வேண்டும் என்றால் "அவ என் பொண்டாட்டி, ரெஜிஸ்டர் பண்ணியாச்சு." அவளுக்கு ஒரு நியாயம் வேண்டும் என்றால் "இன்னும் தாலியே ஏறலையே, அதுக்குள்ள என்ன சண்டை?"

தனம் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவள். கிள்ளான்காரி. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. பாலன் ஒரு வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அரசாங்க மலிவு வீட்டுக்கு மனுப் போடக் கல்யாணச் சான்று வேண்டும் என்று அவசரமாக ரெஜிஸ்டர் செய்தார்கள். உடனே பாலனின் தாத்தா தவறிப்போனார். ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கூடாது. வருஷம் முடிந்தால் நாள் சரியில்லை, நாள் சரியென்றால் மண்டபம் இல்லை. இப்படியே இரண்டு வருஷம் ஓடி, ஒருவழியாக முகூர்த்தம் குறித்து, பத்திரிகை அடித்து, வீடு வீடாக வைத்தும் ஆகிவிட்டது. அப்போதுதான் தனம் தனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள்.

வேண்டாம் என்றால் சும்மா விட்டுவிட முடியாது. தாலி ஏறாவிட்டாலும் சட்டப்படி அவள் மனைவி, ஆகவே விவாகரத்து வாங்க வேண்டும். விவாகரத்துக்கு முன்னால் ஒரு சமரசக் குழு முன் இருவரும் உட்கார வேண்டும். சேர முடியவில்லை என்று குழு எழுதிக் கொடுத்தால்தான் கோர்ட். ஒருநாள்கூடச் சேர்ந்து வாழாத இரண்டு பேரைச் சேர்த்துவைக்க மூன்று பேர் கொண்ட குழு!

அந்தக் குழுவில் நான் ஒருத்தி. தலைவர் கிள்ளானில் ஒரு சங்கத்தின் தலைவர், லோரி முதலாளி. இன்னொருவர் லண்டனில் மனோதத்துவம் படித்து வந்தவர். தலைவரைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால் போதும். தனத்தின் கல்யாணப் பத்திரிகையில் "சிறப்பு வருகை" என்ற இடத்தில் அவர் பெயர்தான் அச்சாகியிருந்தது. கல்யாணத்தில் மாலை வாங்கப் போகிறவர், கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று விசாரிக்கிறார். அதில் தப்பு இருப்பதாக ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முதல் அமர்வு கிள்ளானில், சங்கக் கட்டடத்தின் மாடியில். லண்டன்காரர் பொறுப்பெடுத்துக்கொண்டார். ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் அதைக் கேட்டு "நீ சொல்றது இதுதான்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். இப்படிச் செய்தால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வார்களாம். இது நல்ல முறைதான், இல்லை என்று சொல்லவில்லை. சண்டை போட்டுக் களைத்துப்போன இரண்டு சமமான ஆட்களுக்கு நல்ல முறை.

தனம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பஸ் ஸ்டாப்புல என்னை அறைஞ்சாரு. என் கூட்டாளிங்க முன்னாடி."

பாலன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நீ சொல்றது... நான் உன்னை அறைஞ்ச மாதிரி உனக்குத் தோணுது."

"எக்ஸலன்ட்!" என்றார் லண்டன்காரர். "வெரி குட், பாலா. பாத்தீங்களா, எவ்வளவு அழகா கேட்டு உள்வாங்கியிருக்காரு!"

தனம் நிமிர்ந்து அந்த மனுஷரைப் பார்த்தாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்குக் கடைசிவரை திறக்கவே இல்லை. லண்டன்காரர் தன் குறிப்பில் "பெண்ணிடம் எதிர்ப்பு மனநிலை" என்று எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அறைந்தவன் பாராட்டு வாங்கிக்கொண்டு போகிறான், அறை வாங்கியவளுக்கு மனநிலை சரியில்லை. இதைப் படிக்கக் கப்பல் ஏறி லண்டன் போக வேண்டுமா என்று எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது.

இருவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றேன். ஒருவர் கை நீட்டியிருக்கிறார் என்று காதில் விழுந்த பிறகு இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து "மனம் திறந்து பேசுங்கள்" என்பது முட்டாள்தனம். அவள் இங்கே திறக்கிற வாய்க்கு அவன் வெளியே போய்க் கணக்குத் தீர்ப்பான். தலைவருக்குப் பிடிக்கவில்லை.

"என்ன மிஸ் நீங்க, சேர்த்து வைக்கச் சொன்னா பிரிச்சு வெச்சுப் பேசுறேங்கிறீங்க? மண்டபத்துக்குக் காசெல்லாம் கட்டியாச்சுலா."

"மண்டபத்துக்குத்தானே கட்டினாங்க. பொண்ணுக்கு இல்லையே" என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

தனம் தனியாக பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தாள். முதலில் நான் எதுவும் கேட்கவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வேலைக்கு எப்படிப் போகிறாய், சம்பளம் யார் கையில், இப்படித்தான் பேசினோம். பேச்சு தானாக அங்கே வந்தது. அன்றைக்கு ஓவர்டைம். ஃபேக்டரி பஸ் தாமதம். பாலன் கிள்ளான் பஸ் ஸ்டாப்பில் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்திருக்கிறான். இவள் யாரோ சொன்ன கிண்டலுக்குச் சிரித்துக்கொண்டே இறங்கியிருக்கிறாள். எவனோடு சிரிக்கிறாய் என்று கேட்டான். சூப்பர்வைசரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம் என்றாள். அறைந்துவிட்டான்.

"கன்னம் மறுநாளே சரியாப் போச்சு மேடம்" என்றாள். "வீட்டுல சொன்னேன். அப்பா அவரைக் கூப்பிட்டுக் கேட்டாரு. 'இல்ல மாமா, கையைப் பிடிச்சு இழுத்தேன், அவ்வளவுதான்'னாரு. அப்பா நம்பிட்டாரு."

"உன் கூட்டாளிங்க பாத்தாங்களே?"

"ஃபேக்டரிப் பொண்ணுங்க பேச்சை யாரு எடுப்பாங்கன்னு அப்பா சொல்லிட்டாரு. நானும் ஃபேக்டரிப் பொண்ணுதானே மேடம்?"

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா காய்கறி வாங்குகிற பாசாரிலும் கோயிலிலும் ஒரு கதையைப் பரப்பியிருந்தார். பெண்ணுக்கு ஃபேக்டரியில் வேறு ஆள் இருக்கிறது, அதனால்தான் என் பிள்ளைமேல் பழி போடுகிறாள்.

கல்யாணத்தை நிறுத்துவதுதான் உனக்கு வேண்டுமா என்று கேட்டேன்.

"நிக்கணும்தான். ஆனா அதுக்கு முன்னாடி அப்பா நம்பணும் மேடம். அவரு நம்பாம நின்னுச்சுன்னா, பொய் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தினவன்னு பேரோடதான் நான் அந்த வீட்டுல இருக்கணும். எங்க போவேன் நான்?"

அவளுக்கு வேண்டியது அதுதான். விவாகரத்து எந்தக் கோர்ட்டிலும் கிடைக்கும். அப்பாவின் நம்பிக்கை எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்?

அடுத்து பாலன் வந்தான். தலை படியச் சீவி, சட்டையைச் சலவை செய்து, பெண் பார்க்கப் போகிற மாதிரி. உட்கார்ந்ததும் கேட்டேன். "அடிச்சியா?"

"அது வந்து மேடம், தனத்துக்கு என்னமோ அப்படி..."

"தோணுதுன்னு இன்னொரு தடவை சொன்னேன்னா எழுந்து வெளியே போயிடு. அடிச்சியா இல்லையா?"

காற்றாடி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அடிச்சேன்" என்றான்.

ஒரு வார்த்தைக் கேள்வி. இதைக் கேட்க உங்கள் புத்தகங்களில் ஓர் அத்தியாயம் இல்லை. கேட்டால் "நம்பிக்கை உறவு" கெட்டுவிடுமாம். எனக்கு அன்றைக்குத்தான் அவனோடு உறவே ஆரம்பித்தது. கடகடவென்று எல்லாம் கொட்டினான். இரண்டு வருஷமாகக் காகிதத்தில் புருஷன், நேரில் விருந்தாளி. ஞாயிற்றுக்கிழமை போய் அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவள் தம்பியோடு டிவி பார்த்துவிட்டு வர வேண்டும். வொர்க்‌ஷாப்பில் கேலி. வீட்டில் அம்மா, "ஓவர்டைம் சேர்த்தா உன்னைவிட அவ சம்பளம்தான்டா ஜாஸ்தி" என்று தினம் குத்தல். அதற்காக அறையலாமா? கூடாது. ஆனாலும் எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் இந்தத் தொழிலுக்கு வராதீர்கள், இன்சூரன்ஸ் விற்கப் போங்கள், காசாவது வரும்.

"அம்மாகிட்ட இல்லைன்னுட்டேன் மேடம். அவங்க ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. இனிமே எப்படி மாத்திச் சொல்றது? நீங்களே சொல்லிடுங்களேன், நான் இல்லாதப்ப."

"நான் சொல்ல மாட்டேன். நீ என்னை நம்பிச் சொன்னது. அதோட, நான் சொன்னா அது என் பேச்சு. அவளுக்கு வேண்டியது உன் பேச்சு."

"சொன்னா கல்யாணம் நின்னுடுமே மேடம்."

"சொல்லலைன்னா நடந்துடுமே. எனக்கு அதுதான் பயம்" என்றேன்.

எழுந்து போய்விட்டான்.

கடைசி அமர்வு என் அறையிலேயே நடந்தது. சங்க மாடியில் அன்றைக்கு வேறு யாருக்கோ கல்யாண விருந்து. அந்தச் சின்ன இடத்தில் நாங்கள் குழுவினர் மூன்று பேர், தனம், அவள் அப்பா, பாலன், அவன் அம்மா. கடைக்காரரிடம் இரவல் ஸ்டூல் வாங்கிப் போட்டேன். தனத்தின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மனைவி இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். கெட்ட மனுஷர் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் மனுஷரைப் பிடித்து ஆட்டியது, அவ்வளவுதான். உட்காருவதற்கு முன்பே என்னிடம் கேட்டார்.

"மிஸ், நீங்கதான் பையன்கிட்ட தனியாப் பேசினீங்களே. அடிச்சானா இல்லையா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் ஒத்துக்குறேன்."

தனம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியது என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு "ஆமாம்" போதும். உங்களில் பாதிப் பேர் சொல்லியிருப்பீர்கள், சொல்லிவிட்டு அதற்கும் கருணை என்று பெயர் வைத்திருப்பீர்கள். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாலன் மறுத்திருப்பான். அவன் அம்மா என்னையும் பொய்க்காரி ஆக்கியிருப்பார். பேச்சு அவன் கையைப் பற்றி இல்லாமல் என்னைப் பற்றி ஆகியிருக்கும். அதைவிட, அந்த மனுஷர் நம்ப வேண்டியது என்னை இல்லை, தன் மகளை.

"அவன் என்கிட்ட பேசினதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணே" என்றேன். "உங்க மக சொல்றதை நீங்க ஏன் நம்ப மாட்டேங்கிறீங்க? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் பாலனின் அம்மா பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா சம்பந்தி! அவங்களாலயே சொல்ல முடியலை. ஒண்ணும் நடக்கலைன்னு அவங்களுக்கே தெரியும். என் பிள்ளை ஈ எறும்பைக்கூட அடிக்க மாட்டான்லா."

என் மௌனத்தை எடுத்து அந்தப் பெண்ணின் தலையிலேயே போட்டார் அந்த அம்மாள்.

தலைவர் குஷியாகிவிட்டார். "அப்புறம் என்ன, எல்லாம் பேசித் தீர்த்தாச்சு. தனம், பெரியவங்க மனசு நொந்திருக்கு. ஒரு மன்னிப்புக் கேட்டுடும்மா."

அப்பா தலையைக் குனிந்தபடியே சொன்னார். "அத்தை கால்ல விழு தனம். விழுந்துட்டு வா, வீட்டுக்குப் போவோம்."

அவள் எழுந்தாள். அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. இனிமேல் யாரிடமும் எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்ட முகம் அது. அந்த முகத்தைப் பார்த்தால் பதறுங்கள். அழுகிறவளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவள் பிழைத்துக்கொள்வாள். லண்டன்காரர் எழுதிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அவளுக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில் நின்றேன்.

"இந்த ரூம்ல யாரும் யார் கால்லயும் விழக்கூடாது" என்றேன். "விழணும்னா கீழே ரோட்டுல போய் விழுங்க. இந்த ரூமுக்கு வாடகை கட்டுறவ நான்."

"மிஸ்!" என்றார் தலைவர். லண்டன்காரர், இது தொழில்முறை நடுநிலைக்கு முரண் என்று இங்கிலீஷில் சொன்னார். சொல்லட்டும். நடுவில்தானே நின்றுகொண்டிருந்தேன், இதைவிட என்ன நடுநிலை வேண்டும் அவருக்கு? நான் நகரவில்லை. வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. தெரிந்து செய்ததாக இப்போது கதை விட மாட்டேன்.

மூலையில் ஸ்டூலில் இருந்த பாலன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "விழ வேணாம் மாமா. நான்தான் அடிச்சேன்."

"டேய், சும்மா இருடா" என்றார் அம்மா.

"அடிச்சேன்மா. பஸ் ஸ்டாப்புல. எல்லாரும் பாத்தாங்க. உங்ககிட்ட பொய் சொன்னேன்." அவன் குரல் கிறீச்சிட்டது. "அவளுக்கு வேற ஆளும் இல்லை, ஒண்ணும் இல்லை."

அப்புறம் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? கை தட்டினார்! "சபாஷ்! ஒத்துக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்! தங்கமான பையன்லா. இனிமே என்ன தடை? குறிச்ச நாள்லயே கல்யாணத்தை நடத்திடுவோம்!"

சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷரை மாடியிலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது.

தனம் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். "இப்ப நம்புறீங்களாப்பா?"

அவர் மடியில் இருந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்று தலைவரிடம் சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனாள். அப்பா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். லண்டன்காரர் பாலனிடம், "இப்ப உங்களுக்கு உள்ளுக்குள்ள என்ன உணர்வு வருது?" என்று கேட்டார். பாலன் அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான். அவன்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது அந்த நேரத்தில்தான். அதன்பிறகு ரொம்ப நாள் அவன் தனியாக என்னிடம் வந்து போனான். அது வேறு வேலை, மெதுவான வேலை.

சேர முடியவில்லை என்று கையெழுத்துப் போட்டோம். தலைவர் சங்க அறிக்கையில் "தோல்வி" என்று எழுதினார், என்னால்தான் என்று மேடையிலும் பேசினார். அடுத்த வருஷம் குழுவில் எனக்கு இடமில்லை. போனால் போகிறது.

ஆனால் அந்த அப்பா நம்பினாரா? அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துத் தனம் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

கல்யாணம் நின்றுபோனதை ஊருக்குச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட சமயத்தில் நம்மவர்கள் ஒரு உறவுக்காரரை விட்டுச் "சில காரணங்களால் தள்ளிவைத்திருக்கிறோம்" என்று சொல்லவைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இவர் தனத்தை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் தானே போயிருக்கிறார். ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் ஒரே பேச்சுதான்.

"'கல்யாணம் நின்னுபோச்சு. மாப்பிள்ளை என் பொண்ணை அடிச்சாரு. அவ அன்னிக்கே எங்கிட்ட சொன்னா, நான்தான் நம்பலை'ன்னு சொன்னாரு மேடம். எல்லா வீட்டுலயும். நான் பின்னாடியே நின்னேன். முதல் வீட்டுல எனக்கு அழுகை வந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. மத்தியானம் வாக்குல எனக்குப் பசி வந்துடுச்சு, போதும்பா, மிச்சத்தை நாளைக்குச் சொல்லிக்கலாம்னேன். 'இல்லம்மா, இன்னும் அந்தத் தெரு பாக்கி இருக்கு'ன்னாரு."